வலங்கை அமிலமும் வயோதிக மறதியும்

ரவாங் பட்டணத்திலிருந்து பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகும் பாதையில், சாலையை விட்டு இரண்டு கட்டை உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். (பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், தோட்டத்து மக்கள் நாவில் இன்னும் பழைய பெயரே குடியிருக்கிறது.) ஈராண்டுகளுக்கு முன் ஒரு நாள், விடியற்காலை நான்கரை மணி இருக்கும். இராக்காவல் பார்க்கும் ஜாகா எமது வீட்டுக் கதவைத் தட்டி, “கிராணி, உங்கள் அம்மா பத்தாம் நம்பர்க் காட்டில் வாளியோடு நிற்கிறார்கள்” என்றார்.

ஓடிப்போய் விளக்கடித்துப் பார்த்தோம். எமது தாயார் தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒரு கையில் பழைய தகர வாளியும் மறு கையில் காய்கறி அரியும் கத்தியுமாக, ஒரு செம்பனை மரத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தார். மரத்தின் மேல் கோடு கோடாகக் கீறியிருந்தார். எம்மைக் கண்டதும் கவலையோடு, “பால் இறங்கவில்லையே தம்பி, மழை விட்டும் பால் இறங்கவில்லையே” என்றார்.

அந்தக் காட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்தது 1989-ம் வருஷத்தில். நாம் அப்பொழுது கைக்குழந்தை. பதினைந்து வயதில் உளி பிடித்துப் பால் மரம் வெட்டத் தொடங்கிய எமது தாயார், ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கி எம்மைப் படிக்க வைத்தவர். முப்பத்தைந்து வருஷத்துச் செம்பனை அவர் நினைவிலிருந்து துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டது. அதற்கு முந்திய ரப்பர் மட்டும் அப்படியே நின்றது. இன்னொன்றும் கவனித்தோம். மரத்தில் அவர் போட்டிருந்த கீறல்கள் யாவும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருந்தன. இந்தச் சாய்வைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

செய்தி பொழுது விடிவதற்குள் குடியிருப்பு முழுதும் பரவிற்று. இப்பொழுது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலார் வெளிநாட்டவர்; தமிழ்க் குடும்பங்கள் முப்பதுக்கு மேல் இல்லை. ஆனாலும் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. முனியாண்டிக்குச் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடன் பாக்கியிருக்கிறது என்றார் ஒருவர். சம்பந்தி வீட்டார் வைத்த செய்வினை என்றார் இன்னொருவர். முற்பிறப்பில் செய்த பாவம் என்று சொல்லி, எமது தாயாருக்கு எதிரிலேயே பெருமூச்சு விட்டார் மூன்றாமவர். சாமியாடி ஒருவரை அழைத்துவர 300 வெள்ளியும் சேவலும் போதும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள். மலாய் நாட்டில் முதன்முதலாக மின்சாரத்தைக் கண்டது 1894-ல் இந்த ரவாங்தான்; தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க அதைக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் வந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்கு வெளிச்சம் சாமியாடியிடமே இருக்கிறது என்று நாம் அன்று பரிகாசம் செய்தோம்.

பரிகாசம் செய்த நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இரண்டு மாதம் சென்று ஞாபகசக்தி மருந்து விற்கும் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். 60 குளிகை அடங்கிய புட்டி 180 வெள்ளி. புட்டியின்மேல் ஆங்கிலத்தில் டி-செரீன் என்று அச்சிட்டிருந்தது. மூளையின் சொந்தச் சரக்கு இது, வயதானால் குறைகிறது, குறைந்ததை நிரப்பினால் மறதி தீரும் என்றார் அவர். நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் ஆயிற்றே! வந்தவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. இரண்டு மூன்று ஆராய்ச்சிச் சுருக்கங்களைத் தேடிப் படித்தோம். கிழட்டு எலிகளின் மூளையில், நினைவைப் பதிக்கும் பகுதியில், அந்தச் சரக்கு குறைந்திருப்பது மெய்யென்று எழுதியிருந்தது. அவ்வளவு போதும் என்றிருந்தோம். சம்பள நாளன்று ஆபீஸ் தாழ்வாரத்தில் நின்று புட்டியின் எழுத்தை எல்லாருக்கும் தமிழில் படித்துச் சொன்னோம். “இது மந்திரமல்ல, சாஸ்திரம்” என்றும் சொன்னோம். எமது வார்த்தையை நம்பி ஏழு குடும்பங்கள் அன்றைக்கே புட்டி வாங்கின.

அந்தச் சரக்கு இன்னதென்று இப்பொழுது சொல்லிவிடுகிறோம். எமது தாயார் போட்ட சாய்வான கீறலே இதற்கு நல்ல தொடக்கம். ரப்பர் மரப்பட்டையில் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. ஆகையால் இடப்புறம் உயர்த்தி வலப்புறம் தாழ்த்தி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வரும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வெட்டினால் அதே மரம், அதே கத்தி, அதே உழைப்பு, பால் மட்டும் குறையும். மரத்துக்கு இடமும் வலமும் உண்டு. உயிருள்ள யாவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவில், அப்படியே இடமும் வலமும் உண்டு.

இதைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு நாட்டு லூயி பாஸ்டர். 1848-ல், இருபத்தைந்து வயதில், திராட்சை ரசத்தின் கசண்டிலிருந்து கிடைக்கும் ஓர் அமிலத்தின் உப்பைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். பளிங்குகள் இரண்டு விதமாயிருந்தன. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல், இடக்கை வலக்கை போல. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். நம் உடம்பின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுக்கும் இவ்விரு வடிவங்கள் உண்டு. கிளைசீன் என்ற ஒன்றுக்கு மட்டும் அந்த வேறுபாடு இல்லை. ஆங்கில எழுத்தில் இடத்தை எல் என்றும், வலத்தை டி என்றும் குறிக்கிறார்கள். நாம் இடங்கை, வலங்கை என்றே அழைப்போம். (இப்பெயர்களைக் கேட்டதும் சிலருக்குச் சாதிக் கட்சிகள் நினைவுக்கு வரும். 1707-ல் சென்னைப் பட்டணத்தில் இடங்கைச் சாதியாரும் வலங்கைச் சாதியாரும் எந்தத் தெரு யாருக்கு என்று போட்ட சண்டையைப் படித்தவர்கள் அறிவார்கள். இங்கே பேசுவது இயற்கை செய்த பிரிவு. அது மனிதன் செய்தது.)

இயற்கையோ இவ்விஷயத்தில் கண்டிப்பானது. மனிதன் முதல் புல் வரையில் உயிர்களின் புரதங்களெல்லாம் இடங்கை அமிலங்களால் கட்டப்பட்டவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-ல் வெளியிட்ட புகழ்பெற்ற படம், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பக்கூடாது என்பதைக் காட்டுகிறது. அப்படத்தில் ஒரு பக்கம் நிறைந்தும் மறு பக்கம் ஏறக்குறைய வெறுமையாயும் இருப்பதற்குக் காரணம் இந்த இடங்கைத் தன்மையே. வலங்கை அமிலத்துக்கு அதே படத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். உலகம் முழுவதும் புரதத்தின் உருவத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் தங்கள் வேலை சரிதானா என்று சோதித்துக்கொள்வது அந்தப் படத்தை வைத்துத்தான்.

அப்படியானால் வலங்கை அமிலத்துக்கு உடம்பில் இடமேது? கிருமிகளின் மேலுறையில் அது உண்டு. தயிர், காடி, சோயா ரசம் போன்ற புளித்த பண்டங்களிலும் உண்டு. 1935-ல் ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர், வலங்கை அமிலங்களை மட்டும் தேடிப் பிடித்துச் சிதைக்கும் ஒரு நொதி மிருகங்களின் சிறுநீரகத்தில் இருப்பதைக் கண்டார். இல்லாத திருடனுக்கு இவ்வளவு பலமான காவல் எதற்கு என்று ஐம்பது வருஷம் வரையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1986-ல் எலி முதலியவற்றின் உடம்பில் வலங்கை ஆஸ்பார்ட்டிக் அமிலம் காணப்பட்டது. பிறந்த புதிதில் மூளையில் மிகுந்திருந்து பிற்பாடு வற்றிப்போகிறது. 1992-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எலி மூளையில் வலங்கைச் செரீனைக் கண்டார்கள். துளி அளவு அன்று. மூளையின் சில பகுதிகளில் இடங்கைச் செரீனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது. 1999-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஸ்னைடர் என்பவருடைய சோதனைச்சாலையில், இடங்கைச் செரீனை வலங்கையாகத் திருப்பும் நொதியையும் பிரித்தெடுத்தார்கள். ஆக, இது வெளியிலிருந்து புகுந்த அழுக்கு அன்று. மூளை தானே வேண்டிச் செய்துகொள்ளும் பண்டம்.

எதற்காகச் செய்கிறது? மூளையின் நரம்பணுக்களுக்கிடையே சேதி செல்லும் வாயில்களில் ஒருவகை, இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும். ஒரு சாவி குளூட்டமேட் என்னும் இடங்கைப் பொருள். மற்றொன்று, கிளைசீன் அல்லது இந்த வலங்கைச் செரீன். ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குத் துரையிடம் ஒரு சாவி, கிராணியிடம் ஒரு சாவி இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாயில் திறந்து மூடும் பழக்கத்தில்தான் புது நினைவுகள் பதிகின்றன. கிழட்டு எலியின் மூளையில் வலங்கைச் செரீன் குறைகிறது; வாயில் முன்போல் திறப்பதில்லை; கொடுத்தால் ஓரளவு திறக்கிறது. இவ்வளவுதான் நாம் சம்பள நாளைக்கு முன் படித்திருந்தது. அதை மெய் என்று இன்றும் சொல்லுவோம். ஆனால் பாதி ஏட்டைப் படித்துவிட்டுச் செக்ரோலைக் கூட்டிப்போட்டால் அந்தக் கணக்கு என்ன கணக்கு?

மீதி ஏட்டை ஆறு வாரம் சென்று படித்தோம். அந்த வாயில் அளவுக்கு மேல் திறந்து கிடந்தால் நரம்பணு செத்துப்போகும். அல்ஸைமர் நோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கும் மெமன்டீன் என்ற மருந்து அதே வாயிலை ஓரளவு அடைப்பது. நாமோ அதைத் திறக்கும் சரக்கை விற்கத் துணை போயிருந்தோம்! கைகால் தசைகள் படிப்படியாகச் செயலற்றுப் போகும் நரம்பு நோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகளின் முதுகுத் தண்டில் வலங்கைச் செரீன் மிகுந்திருந்ததை 2007-ல் ஜப்பானில் கண்டார்கள். கிரெப்ஸ் கண்ட காவற்கார நொதியில் பிழையுள்ள ஒரு குடும்பத்தில் அதே நோய் தலைமுறையாக வந்ததை 2010-ல் எழுதினார்கள். அல்ஸைமர் நோயாளிகளின் முதுகுத் தண்டு நீரில் வலங்கைச் செரீன் கூடியிருக்கிறது என்று ஒரு சாரார் சொல்ல, வேறுபாடே இல்லை என்று வேறொரு சாரார் சொல்லுகிறார்கள். காசநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோசெரீன் என்ற மருந்து அந்தச் சாவித் துளையில் அரைகுறையாய்ப் பொருந்துவது. அதை மறதிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் முதலில் சிறிது நம்பிக்கை பிறந்தது. பின்னர்ப் பலருக்குக் கொடுத்துப் பார்த்தபொழுது பலன் நிலைக்கவில்லை. எலிக்குக் குறைவதால் மனிதனுக்கும் குறையும், நிரப்பினால் தீரும் என்ற கணக்கு இப்படி நடுவழியில் உடைந்து கிடக்கிறது.

இவையாவும் ஒருபுறமிருக்க, எமது நெஞ்சைக் குத்தியது 1942-ம் வருஷத்துச் சேதி ஒன்று. செரீனை அதிகமாகக் கொடுத்த எலிகளின் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று என்று பிஷ்மன், ஆர்டோம் என்ற இருவர் அப்பொழுதே எழுதிவிட்டார்கள். அந்தக் கேட்டுக்குக் காரணம் வலங்கைச் செரீன் என்று பின்னால் தெளிவாயிற்று. எலிக்குக் கொடுத்த அளவு வேறு, குளிகையின் அளவு வேறு என்பதை அறிவோம். ஆயினும் எம்மை நம்பி வாங்கிய ஏழு வீட்டில் ஒன்று நீரிழிவினால் சிறுநீரகம் தளர்ந்த ஒரு பாட்டியின் வீடு. அந்த அம்மையார் எமது தாயாரோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர்.

அன்றிரவே போனோம். குளிகைப் புட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டின்மேல் இருந்தது. இனி இதைச் சாப்பிட வேண்டாம், நாம் சொன்னது தவறு என்றோம். பாட்டி எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லது என்று சொன்னதும் நீதானே, கிராணித் தம்பி?” என்றார். ஆம் என்றோம். “அப்போது இங்கிலீஷில் நல்லது என்று போட்டிருந்ததா, நீயாகச் சொன்னாயா?” என்றார். இந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் வகுப்புக்கு மேல் போகாத ஒருவர் கேட்ட கேள்வி அது. எம்மைப்போன்ற இங்கிலீஷ் படித்தவர்கள் சாமியாடியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதை அன்று அளந்து பார்த்தோம். அவர் வேப்பிலையை ஆட்டினார். நாம் ஆங்கில எழுத்தை ஆட்டினோம். ஜனங்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரியே தலையசைத்தார்கள். பாட்டியின் 180 வெள்ளியை எமது கையிலிருந்து கொடுத்தோம். இரத்தச் சோதனைக்கு ரவாங்குக்கு நாமே அழைத்துப் போனோம். அதில் புதிய கேடு எதுவும் தெரியவில்லை. மற்ற ஆறு வீட்டிலும் போய்ச் சொன்னோம். ஐவர் நிறுத்திவிட்டார்கள். ஒருவர், தமக்கு இப்பொழுது மண்டை தெளிவாயிருக்கிறது என்றும், கிராணிக்கு விற்பனைக்காரரோடு ஏதோ தகராறு என்றும் சொல்லி, இன்னும் வாங்கிச் சாப்பிடுகிறார். அவரை மாற்ற எம்மால் ஆகவில்லை.

இனி இரண்டாவது வகை வலங்கை அமிலம். மூளை வேண்டிச் செய்துகொள்வது முதல் வகை என்றால், காலம் ஒருவரையும் கேட்காமல் செய்வது இது. இடங்கையாகப் பிறந்த ஆஸ்பார்ட்டிக் அமிலம் உடம்பின் சூட்டில் மெல்ல மெல்லத் தானே வலங்கையாகப் புரளுகிறது. அடிக்கடி புதுப்பிக்கப்படும் புரதங்களில் இது சேருவதில்லை. பழையது கழிந்து புதியது வந்துவிடும். ஒரு முறை செய்து முடித்தபின் ஆயுள் முழுவதும் மாற்றப்படாத புரதங்களில் மட்டும் வருஷா வருஷம் சேருகிறது. பல்லின் எனாமல் அத்தகையது. 1975-ல் ஹெல்ஃப்மன், பாடா ஆகியோர் பல்லிலுள்ள வலங்கை ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை அளந்தார்கள். இப்படிப்பட்ட நிலைத்த புரதங்களில் அறுபது வயதில் நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பங்கு புரண்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அன்று முதல், பெயர் தெரியாத பிணத்தின் வயதைப் பல்லைக்கொண்டு கணிப்பதும் சாத்தியமாயிற்று. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பதிவு இலாகாவின் வாசலில் நின்று கிழவரான எத்தனையோ தோட்டத்து மக்கள் வாயிலேயே பத்திரத்தைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

கண்ணின் மணியும் அத்தகையதே. அதன் நடுப்பகுதி நாம் பிறந்தபொழுது உண்டான புரதம். அது சாகும்வரை மாறுவதில்லை. கண்புரை விழுந்த மணிகளில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் மிகுதியாகப் புரண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எமது தாயாருக்கு அறுபத்தாறு வயதில் புரை எடுத்தபொழுது இதெல்லாம் எமக்குத் தெரியாது.

மூளைக்கு வருவோம். 1906-ல் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர், மறதியில் இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் படிந்திருந்த கறைகளை விவரித்தார். அக்கறைகளின் புரதத்தில், சங்கிலியின் முதலாம் ஏழாம் இடங்களிலுள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலம் பல இடங்களில் வலங்கையாகவோ வேறுவிதமாகவோ திரிந்திருப்பதை 1993-ல் கண்டார்கள். திரிந்ததால் கறை படிந்ததா, படிந்து வெகுகாலம் கிடந்ததால் திரிந்ததா? இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. இரண்டாவதற்கே சாட்சி அதிகம் என்பது எமது அபிப்பிராயம். கறை வெகு நாளாகக் கிடக்கிறது என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. ஆனால் உடம்பு இதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதில்லை. இப்படித் திரிந்த இடங்களைக் கண்டுபிடித்துச் செப்பனிடுவதற்கென்றே ஒரு நொதி மூளையில் ஓயாமல் வேலை செய்கிறது. அந்த நொதி இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகள் வலிப்புக் கண்டு சில வாரங்களில் மாண்டன. நம் ஒவ்வொருவர் தலையிலும், நாம் உறங்கும்பொழுதும், காலம் கோணலாக்கியதை நிமிர்த்திக்கொண்டு ஒரு வேலையாள் இருக்கிறான். வயது ஏற ஏற வேலை கூடுகிறது.

இதைப் படித்த அன்று எமக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. முற்பிறப்புப் பாவம் என்று பெருமூச்சு விட்டவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம்: அம்மாவின் பல்லில் நடப்பது உங்கள் பல்லிலும் நடக்கிறது, அர்ச்சகர் பல்லிலும் துரை பல்லிலும் அதே கணக்கில் நடக்கிறது, இதற்குப் பாவ புண்ணியம் கிடையாது என்று. அவர், “அப்படியானால் எல்லாம் விதி என்று ஆகிறதே” என்றார். அதுவும் அன்று என்றோம். எல்லாப் பல்லிலும் எல்லாக் கண்ணிலும் புரளுகிறது. எல்லாருக்கும் மறதி நோய் வருவதில்லை.

மருந்தே வராதென்று சொல்ல வரவில்லை. தைவான் நாட்டு வைத்தியர்கள் 2014-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வலங்கைச் செரீனை வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பதிலாக, அதைச் சிதைக்கும் காவற்கார நொதியை மட்டுப்படுத்தினால் என்ன என்று யோசித்தார்கள். சோடியம் பென்சோயேட் அந்த வேலையைச் செய்யும். ஊறுகாய்ப் புட்டியிலும் சர்பத்திலும் கெடாமலிருக்கச் சேர்க்கும் அதே உப்புத்தான். மறதியின் தொடக்கத்திலிருந்த 60 பேருக்கு 24 வாரம் கொடுத்ததில், வெறுங்குளிகை சாப்பிட்டவர்களைவிட நன்றாயிருந்தார்கள். ஆனால் நோய் முற்றிய மறதிக்காரர்களின் பிதற்றல், ஆத்திரம் முதலியவற்றுக்கு அதையே கொடுத்துப் பார்த்த 2019-ம் வருஷத்துச் சோதனையில் பொதுவாகப் பலன் தெரியவில்லை. இந்த உப்புக்கு மூலமான அமிலம் முற்காலத்தில் சாம்பிராணியிலிருந்துதான் எடுக்கப்பட்டது. நமக்கு எதிர்க்கரையான சுமத்திராவின் மரப்பிசின். இதைச் சொன்னவுடனே பக்கத்து வீட்டுக்காரர், சாமியாடி போட்ட புகை சரிதானே என்று எம்மை மடக்கினார். புகையை மூக்கால் இழுத்தால் இருமல் வரும், நினைவு வராது என்று பதில் சொன்னோம். ஊறுகாயை அள்ளித் தின்றாலும் இரத்த அழுத்தமே ஏறும்.

மருந்தாவதற்கு எவ்வளவு காலம் செல்லுமென்பதற்கு நம் தமிழ்நாட்டுச் சான்றே இருக்கிறது. எமது தோட்டத்தில் இளஞ் செம்பனைக்கிடையே மண்ணை மூடிப் படரும் கொடியை முக்குனா என்கிறோம். புல்லை அமுக்கவும் மண்ணுக்கு உரமூட்டவும் 1990-களில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது. அதன் உறவு, சித்த வைத்தியர்களின் பூனைக்காலி. அப்பூனைக்காலி விதையிலிருந்து டோபா என்னும் இடங்கை அமிலத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்து 1937-ல் எழுதினார்கள். கை நடுங்கி உடம்பு இறுகும் பார்க்கின்சன் நோய்க்கு அதைத் தக்க அளவில் கொடுத்துப் பலன் கண்டது அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்பவர், 1967-ல். முப்பது வருஷம்! அவரும் முதலில் இடங்கை வலங்கை இரண்டும் கலந்த சரக்கையே கொடுத்தார். சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. வலங்கையை நீக்கி இடங்கையை மட்டும் கொடுத்தபொழுது பாதி அளவே போதுமாயிற்று. புரதச் சங்கிலியின் இடம் வலத்தை உலகுக்குக் காட்டிய ராமச்சந்திரனையும் இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் பற்றிற்று; அவர் 2001-ல் சென்னையில் காலமானார். முக்குனாக் கொட்டையை வறுத்துத் தின்னலாமா என்று இதைக் கேட்டபின் எம்மிடம் விசாரித்தவர்களுக்கு, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டோம். ஒரு முறை சுட்டது போதும்.

எமது தாயாரைக் கடைசியில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. இள வயது லேடி டாக்டர்; மலாய்க்காரர். தைராய்டு சுரப்பி, வைட்டமின் பி12, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார். பிறகு பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழைத்தார். எமது தாயார் திரும்பவில்லை. “உங்கள் அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்து எத்தனை வருஷமாகிறது?” என்று எம்மைக் கேட்டார். எமக்குத் தெரியாது. நாம் கேட்டதற்கு மறுமொழி வராத ஒவ்வொரு தடவையும் மறதி என்றே எழுதிக்கொண்டிருந்தோம்.

லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோயை வரவழைக்கும் காரணங்களில் மாற்றக்கூடியவை பதினான்கு என்றும், அவை யாவும் நீங்கினால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். காது மந்தம் அதில் உண்டு. பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு உண்டு. சிறு வயதில் கல்வி கிடைக்காமையும் அப்பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. எமது தாயார் எட்டு வயதில் பள்ளியை விட்டுத் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்க நின்றவர். அந்தத் தலைமுறைப் பெண்களில் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நேயர்கள் அறிவார்கள். பேரப் பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு இருந்த பணத்தைக் குளிகைக்குக் கொடுத்தவர்கள் அந்த ஏழு வீட்டில் ஒரு வீட்டார். அதைக் குறித்து நாம் மேலும் எழுத விரும்பவில்லை.

காதுக் கருவி வந்தபின் எமது தாயார் பகலில் முன்னிலும் தெளிவாயிருக்கிறார். மறதி போய்விடவில்லை, வைத்தியரும் போகும் என்று சொல்லவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாளியைத் தேடுவதும் நிற்கவில்லை. கதவைப் பூட்டிப் பார்த்தோம், அழுதார். இப்பொழுது கத்தியை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு வாளியைக் கையில் கொடுத்து நாமும் கூடப் புறப்படுகிறோம். ஆபீஸுக்கு முன்னால் பழைய பெரட்டுக்களம் இருக்கிறது. விளக்கின் கீழே எமது தாயார் தம் வரிசை என்று நினைக்கும் இடத்தில் போய் நிற்பார். நாம் செக்ரோலைப் பிரிப்பதுபோல் வெறுங்கையைப் பிரித்து அவர் பெயரைக் கூப்பிடுவோம். “வந்துவிட்டேன், கிராணி ஐயா” என்பார். அன்று மழை என்றும், பால் வெட்டு இல்லை என்றும் சொல்லுவோம். வானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்று திரும்புவார். வீட்டுக்கு வந்து காப்பி ஆற்றிக் கொடுத்ததும் எம்மைத் தம்பி என்று அழைப்பார். சில நாட்களில் அழைப்பதில்லை. ஐயா என்றே சொல்லிவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரமாயிற்று என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.